அறிவிக்கிறதா, காட்டிக் குடுக்கிறதா?

அங்காராவில ராவு எட்டு மணி எண்டா நமக்கு அக்கரைப்பத்துல பத்தரை, நான் நுளம்புத்திரி பத்த வச்சிட்டு படுக்கப் போற நேரம் பாத்துத்தான் மச்சான் வட்ஸ்அப்ல எடுப்பான். அங்க அவன் சைக்கொலொஜி மாஸ்டர்ஸ் படிக்கான். இப்ப அவனுக்கு குடுத்திரிக்கிற வேல, குற்றம் செய்யிறதப் பத்தி ஒராள்ட மனசுல என்ன எண்ணம் இரிக்கி எண்டு அளக்கிற கேள்விக்கொத்து ஒண்ட துருக்கி மொழிக்கு கொண்டு வாறது. கனடாவில மில்ஸ், குரோனர், ஃபோர்த் எண்டு மூணு பேர் 2002ல வெளியிட்ட சாமான், ரெண்டாம் பகுதியில மட்டும் 46 வசனம், ஒவ்வொண்டுக்கும் ஒத்துக்கிறன் இல்லாட்டி ஒத்துக்கல்ல எண்டு போடணும்.

முதல்ல தமிழ்ல சொல்லிப் பாத்தா வசனம் எங்க நொண்டுது எண்டு தெரியுமாம், அதுக்குத்தான் நான். பொலிசுக்கு சொல்றதப் பத்தி ஒரு வசனம் வந்தா துருக்கியில 'இஹ்பார்' எண்டும் போடலாம், 'இஸ்பியோன்' எண்டும் போடலாமாம். முதலாவது சும்மா அறிவிக்கிற. மத்தது நம்மட 'காட்டிக் குடுக்கிற'. ஆமி சுத்தி வளைக்கிற றவுண்டப்புல, முகத்த மூடிட்டு தலையாட்டி ஆளக் காட்டுற 'தலையாட்டி'க்கு முன்னால வரிசையில நிண்ட ஊர்ல காட்டிக் குடுப்பியா எண்டு கேட்டா எவன்டா ஓம் எண்டுவான், அவன் தங்கமான மனிசனா இருந்தாலும்!

அத விட மோசம் 'ஹக்'. எனக்கு வேணும், எடுத்தா என்ன பிழை எண்ட நினைப்ப அளக்க தனியா ஒரு பிரிவு இரிக்கி, அதுல 'உரிமை' வாற இடத்துல துருக்கிக்காரனும் 'ஹக்' எண்டுதான் சொல்றான், நம்மளப் போல; ஆனா ஹக்கெண்டா நியாயமா நமக்குச் சேர வேண்டியது எண்டும் விளங்கும். நானே ஒரு வசனம் செஞ்சி வாப்பாட்ட கேட்டன், "பட்ட பாட்டுக்கு எனக்கு வர வேண்டிய ஹக்க நானே எடுத்துக்குவன்" எண்டு. அவர் கண்ணாடிய நெத்தியில ஏத்திட்டு, "ஹக்கெண்டா எடுக்கத்தானே வேணும், மனே" எண்டுட்டார். எழுவது வயசுல ஒருத்தன்ட தேங்காயக் கூட தொடாத மனிசன், இந்தக் கணக்குல கள்ளன்! இத திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்திச் சரி பாத்தாலும் அதே சொல்தான் வந்து நிக்கும், பிழை பிடிபடாது. எல்லாரும் ஒரே மாதிரி பிழையா விளங்கினா பதிலெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒத்துப் போகுதா எண்டு பாக்கிற குரோன்பாக் அல்ஃபா எண்ட கணக்கும் வடிவா 0.70க்கு மேல வரலாம்.

முதல் பகுதியில நெருங்கின நாலு கூட்டாளிமாரப் பத்தி கேக்காங்க. அவர் ஜெயில்ல இருந்திரிக்காரா எண்டு ஒரு கேள்வி, ஓம் எண்டா அத சேர்ந்து திரியிற நேரத்தோட பெருக்குவாங்களாம். நான் விரல் மடக்கிப் பாத்தன். பக்கத்து ஆலையடிவேம்புக் கூட்டாளி ஒருத்தன், 1979ல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்துல புடிச்சி வழக்கில்லாம கனகாலம் வச்சிருந்தவங்க. தேத்தண்ணி குடிக்கிறதே அவனோடதான், பெருக்கினா என்ட நிலம என்ன? மச்சான்ட வீட்டுக்காரக் கிழவனும் 1980 இராணுவப் புரட்சிக்குப் பிறகு உள்ள இருந்தவராம். ('இருந்தவராம்' எண்டதுல வால் மாதிரி வாற இந்த 'ஆம்' இரிக்கே, துருக்கியிலயும் கேள்விப்பட்டதுக்கு 'மிஷ்' எண்டு ஒரு வால் ஒட்டுவாங்க, அதக் கேட்டு எனக்கு சரியான சந்தோசம்.)

கேள்விய மாத்தினா கனடாக்காரன்ட புள்ளியோட ஒப்பிடேலா, மாத்தாட்டி கிழவனும் குற்றவாளிக் கூட்டாளி. மச்சான் கொஞ்ச நேரம் பேசல்ல. மறுகா, 'ஹக்' இல்லாம ஒரு வசனம் அனுப்புறன், நாளைக்கு வாப்பாட்ட திரும்பக் கேளு எண்டான்.