2/3 = 4/5 என்று எழுதும் பிள்ளைக்கு

தொடக்கநிலை 3-இல் சமபின்னம் (2/3, 4/6 போல ஒரே அளவைக் குறிக்கும் பின்னங்கள்) படிக்கும் பிள்ளைக்குப் பயிற்சித்தாளை நீட்டுவதற்கு முன், கட்டம் போட்ட தாளில் 12 கட்ட நீளத்துக்கு இரண்டு பட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வரையச் சொல்லுங்கள். மேல்பட்டையை 3 பாகமாக்கி 2-க்கு வண்ணம், கீழ்ப்பட்டையை 6 பாகமாக்கி 4-க்கு. வண்ணமிட்ட நீளம் ஒன்றுதான் என்பது பார்த்ததுமே தெரியும். பட்டைகள் நீளத்தில் மாறினால் குழப்பம்தான்.

2/3-இன் மேலும் கீழும் 2-ஐக் கூட்டுவதால்தான் 4/5 வருகிறது. 2/3-ஐயும் 4/5-ஐயும் 15 கட்டப் பட்டைகளில் வரைந்தால் பிள்ளையே தவற்றைக் கண்டுபிடிக்கும். திட்டாதீர்கள்.

பல தாள்களில் 1/2 = ?/4, ?/6, ?/8 என்று வரிசையாக இருக்கும். யோசிக்காமலே 2, 3, 4 என நிரப்பிவிடலாம். கலைத்துக் கொடுங்கள். 4/6 = 6/? கட்டாயம் வேண்டும்: 2/3 ஆகச் சுருக்கி, பிறகு 3-ஆல் பெருக்கினால் 9.