பப்புக்கு மேலே ஒரு மாடி

5 அக்டோபர் 2024, சனி

வாரம் மூன்று மாலை, வடக்கு லண்டனில் ஒரு பப்புக்கு மேலே இருக்கும் குட்டி நாடக அரங்கில் வாசல் காக்கிற வேலை. சம்பளம் கிடையாது. நாடகம் இலவசமாகப் பார்க்கலாம், கீழே ஒரு கிளாஸ் எதுவும் குடிக்கலாம். குடிக்காதவனுக்கு ஆரஞ்சு ஜூஸ்.

அம்மாவிடம் போனில் "தியேட்டரில் வேலை" என்றேன். "என்ன படம் ஓடுது?" என்றாள். நாடகம் என்றதும் ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம், "சாராயக் கடை மாடியிலயா?" சரி, அதுவும் உண்மைதான்.

படி பத்தொன்பது. எண்ணிவிட்டேன். பதினோராவது படியில் ஒரு திருப்பம். அங்கே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே ஐம்பது இருக்கை. முன்வரிசைக்காரர் காலை நீட்டினால் நடிகர் தடுக்கி விழுவார். அரங்குக்குள் போகும் கதவு மேடையின் ஓரமாகத்தான் திறக்கிறது. அதனால் நாடகம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விட முடியாது. "டிராஃபிக்" என்று மூச்சு வாங்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் என் வேலையில் பாதி. இரண்டாவது காட்சியில் வர வேண்டிய நடிகை, ஆண்கள் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், ராணி உடையில், என்னோடு படியில் உட்கார்ந்திருக்கிறார்.

10 அக்டோபர் 2024, வியாழன்

இன்று பட்ட பாடு. எங்கள் நாடகம் எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும், இடைவேளை கிடையாது. கீழே பெரிய திரையில் இங்கிலாந்து, கிரீஸ் கால்பந்து.

கடைசிக் காட்சி. மகன் இறந்த செய்தியைத் தாய் கேட்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. சரியாக அந்த நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து இருநூறு தொண்டைகள் சேர்ந்து ஓர் ஆரவாரம். பலகை அதிர்ந்தது. பெல்லிங்ஹாம் 87-வது நிமிடத்தில் கோல் அடித்துச் சமன் செய்திருக்கிறார். தாயாக நடித்தவர் அசையவில்லை. கூட்டத்தில் ஒருவர் மட்டும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சில நிமிடங்களில் கிரீஸ் மறுபடி ஒன்று போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது. கீழே மயான அமைதி. மேலே கைத்தட்டல் ஆரம்பித்தபோது எங்கள் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

பப்காரருக்கு இடைவேளை இல்லாத நாடகம் பிடிக்காது. இடைவேளையில்தான் பீர் போகும். "அடுத்த தடவை ஷேக்ஸ்பியர் போடச் சொல்லுங்கள், இரண்டு இடைவேளை விடலாம்" என்றார். வாடகை அவர் கையில் இருப்பதால் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

13 அக்டோபர் 2024, ஞாயிறு

ஷெப்பர்ட்ஸ் புஷ் வரை போய்வந்தேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. கோல்ட்ஹாக் ரோடு வந்து பசும்புல் திடலில் சேரும் முனையில் ஒரு பழைய பப் கட்டடம், அவ்வளவுதான். ஆனால் லண்டனில் பப் மாடி நாடகம் என்ற பேச்சு எடுத்தால் இந்த முனைக்கு வராமல் முடியாது.

புஷ் தியேட்டர் 1972-ல் இங்கே மாடியில் பிறந்தது. தொடங்கியவர் பிரையன் மெக்டெர்மட், ஒரு நடிகர். அதற்கு முன்னால் அந்த அறை லயோனல் பிளேர் என்ற நடனக் கலைஞரின் ஸ்டுடியோ. எண்பது சொச்சம் பேர் உட்காரலாம். தனி நாற்காலி இல்லை, மெத்தை போட்ட படிக்கட்டு மாதிரி வரிசைகள். பின்னால் இருப்பவரின் முழங்கால் நம் முதுகில். இதில் உட்கார்ந்துதான் 1978-ல் விக்டோரியா வுட் எழுதிய ஒரு சிறு காட்சியில் ஜூலி வால்டர்ஸ் நடிப்பதை மக்கள் பார்த்தார்கள். பின்னாளில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியே சிரித்த ஜோடி அது. 1993-ல் ஜோனதன் ஹார்வியின் 'பியூட்டிஃபுல் திங்' முதலில் மேடையேறியதும் இதே அறையில்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். பேச்சுக் கொடுத்தேன். "ஐயா, இந்தக் கட்டடத்துக்கு மேல நாடகம் போட்டாங்களே, பார்த்திருக்கீங்களா?"

"மேலயோ? தம்பி, நான் எண்பத்தாறில இருந்து இந்தப் பக்கம் நிண்டுதான் பஸ் எடுத்தனான். பின்னேரத்தில ஆக்கள் ஏறிப் போறதைக் கண்டனான். ஏதோ கலியாண வீடாக்கும் எண்டு நினைச்சன்."

அவர் நினைத்தது அப்படியொன்றும் தப்பில்லை. பப்புகளின் மாடி அறைகள் கல்யாண விருந்துக்கும் சங்கக் கூட்டத்துக்கும் கட்டியவைதான். அந்தச் சங்கங்கள் கலைந்து அறைகள் சும்மா கிடந்த காலத்தில்தான் நாடகக்காரர்கள் ஏறி வந்தார்கள்.

14 அக்டோபர் 2024, திங்கள்

நேற்றைய பேச்சு மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏன் 1970 வாக்கில் எல்லாரும் ஒரே சமயத்தில் ஏறினார்கள்?

குடியும் நாடகமும் இங்கே ஒரு காலத்தில் ஒரே கூரைக்கு அடியில்தான் இருந்தன. முதலாம் எலிசபெத் காலத்தில் சத்திரங்களின் முற்றத்தில் நாடகம் நடந்தது. பிரித்தது 1843 சட்டம். முழு நாடகம் போட உரிமம் வாங்கினால் அரங்குக்குள் குடிக்கக் கூடாது. குடிக்க விட்டால் நாடகம் போடக் கூடாது, பாட்டு கூத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மியூசிக் ஹால்கள் அப்படித்தான் செழித்தன. அதோடு 1737 முதல், எந்த நாடகமானாலும் அரண்மனை அதிகாரி ஒருவர் படித்து முத்திரை குத்த வேண்டும் என்ற விதி வேறு. அந்தத் தணிக்கை 1968-ல்தான் ஒழிந்தது. எழுதியதை அப்படியே போடலாம், ஆனால் இடம் வேண்டுமே. பெரிய அரங்கு கொடுக்க மாட்டான், பப் மாடி கொடுப்பான்.

1970-ல் இஸ்லிங்டனில் டான் கிராஃபோர்ட் என்ற அமெரிக்கர் கிங்ஸ் ஹெட் பப்பின் பின்னறையில் ஆரம்பித்தார். 1971-ல் இங்கிலாந்து தசம நாணயத்துக்கு மாறியது, அந்த பப் மட்டும் மாறவில்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பழைய ஷில்லிங் கணக்கில்தான் பீருக்கு விலை சொன்னார்கள். நம் ஊரில் அணாக் கணக்கில் டீ விற்ற மாதிரி.

20 அக்டோபர் 2024, ஞாயிறு

இன்று எழுத நினைத்தது ஒரு கூரை ஒழுகலைப் பற்றி.

2007 கடைசியில் புஷ்ஷுக்கு வரும் அரசு மானியத்தைப் பெரிய அளவில் வெட்டப் போவதாகச் சொன்னார்கள். நடிகர்களும் எழுத்தாளர்களும் கொதித்தார்கள், அடுத்த பிப்ரவரியில் வெட்டு வாபஸ். அப்பாடா என்று உட்காருவதற்குள் கூரை ஒழுகியது. மேடை விளக்குகளின் மின்சாரம் போயிற்று. விளக்கு இல்லாத தியேட்டர்.

அப்போது பொறுப்பில் இருந்த ஜோசி ரூர்க் அறையைப் பூட்டவில்லை. எழுத்தாளர்களைக் கூப்பிட்டு, பகல் வெளிச்சத்திலோ இருட்டிலோ நடத்தும்படியான குறுநாடகங்கள் எழுதச் சொன்னார். 2008 அக்டோபர் அது. சைமன் ஸ்டீபன்ஸ் 'ஸீ வால்' எழுதினார். ஒரே ஆள், அரை மணி நேரம். ஆண்ட்ரூ ஸ்காட் வெறும் வெளிச்சத்தில் நின்று, எதிரில் இருப்பவர்களின் கண்ணைப் பார்த்து, தன் மனைவியையும் மகளையும் பற்றிச் சொல்லிக்கொண்டே போவார். பிரான்ஸின் தெற்குக் கடற்கரை, மாமனார் வீடு, தண்ணீருக்கு அடியில் தரை சட்டென்று முடிந்து ஆழம் தொடங்கும் இடம். அப்புறம் நடந்தது.

நான் படம் பிடித்த வடிவத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அதிலேயே இரண்டு தடவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். விளக்கு அணைந்திருந்தால் அழுவதை மறைக்கலாம். பகல் வெளிச்சத்தில் எதிர்வரிசைக்காரர் நம்மைப் பார்ப்பார், நடிகரும் பார்ப்பார். அவர் அவ்வளவு நிதானமாகப் பேசுவது எதற்கு என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கும்.

ஒழுகலைப் புகழவில்லை. ஆனால் அந்த வருஷம் பிளம்பர் நேரத்துக்கு வந்திருந்தால் இந்த நாடகம் இந்த உருவத்தில் வந்திருக்காது.

27 அக்டோபர் 2024, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய நாள். ஐந்து மணிக்கே இருட்டு.

மதியம் முன்பதிவு போன் என் கையில் இருந்தது. ஒரு பெண்மணி: "லிஃப்ட் இருக்கிறதா? என் கணவர் சக்கர நாற்காலி." இல்லை என்றேன். "எத்தனை படி?" பத்தொன்பது. "சரி, நன்றி" என்று வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

பழைய மாடி அறைகளைப் பற்றி உருகுகிறவர்களிடம் எனக்கு இந்த இடத்தில்தான் ஒத்துப்போகவில்லை. ரிச்மண்டில் ஆரஞ்சு ட்ரீ பப்பின் மாடியில் 1971-ல் சாம் வால்டர்ஸ் தொடங்கியபோது, விளக்கு இல்லாததால் மதிய வெளிச்சத்தில் நாடகம், உட்காரப் பழைய சர்ச் பெஞ்சு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1991-ல் அவர்கள் எதிர்ப்பக்கம் இருந்த பழைய பள்ளிக் கட்டடத்துக்கு மாறினார்கள். அங்கேயும் நாலு பக்கமும் கூட்டம், நடுவில் நடிகர். கெட்டுப்போகவில்லை. புஷ்ஷும் 2011-ல் கீழே இறங்கி, திடலை ஒட்டி நடந்து, அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில் இருந்த பழைய நூலகத்துக்குள் போய்விட்டது. ஐந்து நிமிட நடை. நாற்பது வருஷ மாடி வாசம் முடிய ஒரு தெருவைக் கடந்தால் போதுமாக இருந்தது.

2 நவம்பர் 2024, சனி

கடைசி ஆட்டம். பத்து மணிக்கு மேல் செட்டைக் கழற்றினோம். திங்கள் காலை அடுத்த குழு வருகிறது, அறை காலியாக இருக்க வேண்டும். டிக்கெட் வசூலில் வாடகையும் செலவும் போக மிஞ்சியதைக் கவரில் போட்டு நடிகர்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். ராணி எண்ணிப் பார்த்தார். "நாலு வாரம், பஸ் காசு வந்துவிட்டது" என்றார்.

பச்சை சோஃபா மட்டும் இறங்க மறுத்தது. பதினோராவது படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலே மூன்று பேர், கீழே நான். சாய்த்தோம், நிமிர்த்தினோம், ஆளுக்கொரு யோசனை சொன்னோம். "ஏறும்போது எப்படி ஏறியது?" என்று யாரோ கேட்டார்கள். கடைசியில் ஸ்டேஜ் மேனேஜருக்கு ஞாபகம் வந்தது, காலைக் கழற்றித்தான் ஏற்றியிருக்கிறார்கள். அந்தரத்தில் தொங்கும் சோஃபாவுக்கு அடியில் படுத்துக்கொண்டு நாலு காலையும் திருகி எடுத்தேன். சுவரில் ஒரு கைநீளத்துக்குச் சுண்ணாம்பு போனது.

கீழே கொண்டுவந்து வைத்ததும் தூக்க ஒருவருக்கும் தெம்பில்லை, வண்டியிலும் இடமில்லை. பப்காரர் சுற்றிவந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். "இங்கேயே இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பீர்." எனக்கு ஜூஸ்.

கால்கள் என் கோட்டுப் பையில் இருப்பதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.