காவல் நிலையத்தைச் சுற்றி விழும் புள்ளிகள்

சென்னை தம்புச்செட்டித் தெருவில் இருக்கும் சில வக்கீல் அலுவலகங்களுக்குப் புள்ளிவிவர வேலை செய்து கொடுக்கிறேன். பகலெல்லாம் மருந்து ஆய்வுத் தரவுகளோடு ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் அதே மொழியில் எஃப்.ஐ.ஆர்.களை எண்ணுகிறேன். ஜாமீன் மனு விசாரணையிலும் நன்னடத்தைப் பிணை வழக்கிலும் ‘இது குற்றங்கள் மலிந்த பகுதி’ என்று எதிர்த்தரப்பில் ஒரு வரி சொல்வார்கள். அந்த வரிக்குப் பின்னால் எண் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அது எதை எண்ணிய எண் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பெரும்பாலும் அந்தப் பகுதி வியாசர்பாடியாகவோ புளியந்தோப்பாகவோ காசிமேடாகவோ இருக்கும். நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். வாடகைக்கு வீடு கேட்டாலும் சரி, வேலைக்கு இன்டர்வியூ போனாலும் சரி, முகவரியைப் படித்ததும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வேலையை எனக்குச் சம்பந்தமில்லாத கணக்காக நினைத்துச் செய்ய முடிவதில்லை. செய்யவும் விருப்பமில்லை.

எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை செய்ய ஒரு பிடி கிடைத்தது அந்த உத்தரவால்தான்.

அந்தப் படிவத்தில் சம்பவ இடத்துக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்பது முதலில் வரும். பிறகு பீட் எனப்படும் ரோந்துப் பகுதியின் எண், அப்புறம் முகவரி. முகவரி என்ற இடத்தில் ‘டாஸ்மாக் அருகில்’ என்றோ ‘பஸ் ஸ்டாப் எதிரில்’ என்றோ இருந்தால் வரைபடம் போடுகிறவர் என்ன செய்வார்? திசையையும் தூரத்தையும் வைத்துப் புள்ளி வைப்பார். ஆனால் தூரத்தை எழுதும் ஸ்டேஷன் ரைட்டர் டேப் பிடித்து அளந்து எழுதுவதில்லை. அவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. அரை கிலோமீட்டர், ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று முழுசாகத்தான் விழும். திசையும் எட்டுக்குள் அடங்கிவிடும். அப்படியே வரைந்து பாருங்கள், ஊரின் குற்றங்கள் எல்லாம் காவல் நிலையத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக வந்து நிற்கும். அதன்மேல் ஆரின் துணைநிரல் தொகுப்புகளில் ஒன்றான ஸ்பாட்ஸ்டாட் பேக்கேஜில் அடர்த்திக் கணக்கை ஓட்டினால், நிலையத்துக்குக் கிழக்கே சரியாக ஒரு கிலோமீட்டரில் இருக்கும் தெரு செக்கச் செவேலென்று ஆகிவிடும். அந்தத் தெருவில் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் இணைய வரைபடத்தில், இடம் பிடிபடாத சம்பவங்களை மென்பொருள் நகர மன்றக் கட்டடத்தின் பக்கத்தில் ஒரே புள்ளியில் கொண்டுபோய்ப் போட்டது. அந்த முனைதான் ஊரிலேயே மோசமான இடம் என்று வரைபடம் காட்டியது. 2009-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் அதைக் கண்டுபிடித்து எழுதியது.

நான் புள்ளியே வைப்பதில்லை. திசைக்கு இருபுறமும் 22.5 பாகை, தூரத்துக்கு முன்னும் பின்னும் கால் கிலோமீட்டர் எடுத்து, வரைபட வேலைக்கான எஸ்.எஃப். பேக்கேஜில் ஒரு வளையத் துண்டாக வரைகிறேன். சம்பவம் இந்தத் துண்டுக்குள் எங்கோ நடந்தது, அவ்வளவுதான் தெரியும் என்று நீதிமன்றத்துக்குச் சொல்கிற படம் அது. பார்க்க அழகாக இருக்காது. சிவப்புப் படத்தைக் கேட்டு வந்த வக்கீலுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆனாலும் அதுதான் நேர்மையான படம்.

இடப் பெயர் இன்னொரு பெரும்பாடு. ஸ்கேன் செய்த தாள்களை டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் தமிழிலேயே படித்துக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் தொல்லை. வியாசர்பாடி ஓரிடத்தில் வியாசை. எம்.கே.பி. நகர் ஓரிடத்தில் மகாகவி பாரதி நகர், இன்னோரிடத்தில் வெறும் பாரதி நகர். எண்ணூர் பக்கம் பாரதியார் நகர் என்று வேறு ஒன்று இருக்கிறது. வண்ணை என்று எழுதினால் பழைய வண்ணாரப்பேட்டையா, புது வண்ணாரப்பேட்டையா? டி.எச். ரோடு என்று மட்டும் எழுதினால், அது தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நீண்டுகொண்டே போகிற சாலை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சொற்களைச் சேர்க்கும் ஸ்டிரிங்டிஸ்ட் பேக்கேஜ் இதற்கு உதவாது. வியாசைக்கும் வியாசர்பாடிக்கும் இருக்கும் உறவு எழுத்தில் இல்லை, ஊர்க்காரர் வாயில் இருக்கிறது.

அந்த வாய்களைத் தேடித்தான் வியாசர்பாடிக்குப் போனேன். அங்கே ஒரு மாடி அறையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் ஆர் சொல்லித் தருகிறேன். பதிலுக்கு அவர்கள் எனக்கு ஊர்ப் பெயர்களின் அட்டவணையைக் கட்டித் தருகிறார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுபவரின் மகன் ஒருவன் அப்பாவிடம் கேட்டு, ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஜனங்கள் சொல்லி இறங்கும் பெயர்களையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தான். எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள் அதில் இருந்தன. என் நிரல் முழுவதிலும் அதிகப் பயன் தந்த கோப்பு அதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

பதிவில் இருப்பதன் தொல்லை இது. பதிவுக்கே வராததைப் பற்றிக் காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மாவிடம்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். வேறு வழக்கில் சாட்சியாக வந்தவர், பேச்சுவாக்கில் போனைப் பறிகொடுத்த கதையைச் சொன்னார். புகார் கொடுத்தீங்களாம்மா என்று கேட்டேன்.

“எங்கம்மா குடுக்கறது? ரெண்டு மணிக்கு எந்திரிச்சி ஏலத்துக்குப் போவணும். ஸ்டேஷன்ல இன்னிக்கு வா நாளைக்கு வான்னு நாலு நாள் அலைய வுட்டா என் யாவாரம் போச்சு. போனு போனா போவுது.”

“புகார் கொடுத்ததுக்கு ரசீது, சி.எஸ்.ஆர்.கூட வாங்கலையா?”

“காணாம போச்சுன்னு எழுதிக் குடுன்னாங்க. நான் எங்க காணாம போட்டேன்? புடுங்கினு போனான். அப்படி எழுத மாட்டேன்னு வந்துட்டேன்.”

வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவே அவர் இழக்க முடியாத நாலு நாள் வியாபாரம் நிற்கிறது. அவருடைய போன் எந்தப் பட்டியலிலும் இல்லை. பதிவுகள் கூடினால் குற்றம் கூடியது என்று அர்த்தமாகலாம். புகாரை ஒழுங்காக வாங்கும் அதிகாரி வந்திருக்கிறார் என்றும் அர்த்தமாகலாம். எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. வேறு சான்று வேண்டும்.

ஆர் கற்பவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் தரவுத் தொகுப்பு ஒன்று குற்றத்தைப் பற்றியதுதான். யூஎஸ்அரெஸ்ட்ஸ் என்று பெயர். 1973-இல் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் கொலை, தாக்குதல், பாலியல் வன்முறைக்காக லட்சம் பேருக்கு எத்தனை கைது என்ற அட்டவணை. உதவிப் பக்கத்தின் தலைப்போ வன்குற்ற விகிதம் என்கிறது. கைதை எண்ணிவிட்டுக் குற்றம் என்று தலைப்பிடும் வழக்கம் பாடப்புத்தகத் தரவிலிருந்தே தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே காட்டிவிடுவேன். அதே உதவிப் பக்கத்தில் எனக்குப் பிடித்த ஒரு குறிப்பும் உண்டு. மேரிலாந்து மாநில நகர மக்கள் சதவீதம் 76.6 என்று இருக்க வேண்டியது, மூலநூலில் பார்த்தெழுதும்போது 67 ஆகிவிட்டது என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கட்டற்ற மென்பொருளின் பழக்கம் இது. அந்தப் பழக்கம் நீதிமன்றத்துக்குள் வர வேண்டும் என்பதுதான் என் ஆசையெல்லாம்.

அடுத்த வார வகுப்பில் ஒரு சிறு கணக்கு. இரண்டு தெரு, இரண்டிலும் உண்மையில் ஒரே அளவு திருட்டு. தொடக்கத்தில் மட்டும் ஏ தெருவில் பன்னிரண்டு பதிவு, பி தெருவில் பத்து. பதிவு அதிகமுள்ள தெருவுக்கு மறுநாள் ரோந்து போகும். ரோந்து போன தெருவில் நடப்பது மட்டும் பதிவாகும். பத்து வரி நிரல். சமவாய்ப்பு எண்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் செட்.சீடில் எல்லாரும் ஒரே எண்ணைப் போட்டால் எல்லார் திரையிலும் ஒரே விடை. அரசு கொடுத்த இலவச லேப்டாப் வைத்திருப்பவனுக்கும் அதே விடைதான். ஏ தெருவின் கோடு ஏறிக்கொண்டே போக, பி தெருவின் கோடு பத்திலேயே படுத்துவிட்டது.

“அக்கா, அப்ப பி தெருல திருட்டே நடக்கலன்னு ஆயிடுமா?” என்றாள் ஒரு பெண். “நாங்க ஏ தெருவா?” என்றான் பக்கத்தில் இருந்தவன். அறையில் யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. நானும் உடனே சொல்லவில்லை.

கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2016-இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்தின் போதைப்பொருள் வழக்குப் பதிவுகளை வைத்து இதையே பெரிய அளவில் செய்து காட்டினார்கள். போதைப் பழக்கம் எல்லா இனத்தவரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு என்று கணக்கெடுப்பு சொல்லியும், அடுத்து எங்கே குற்றம் நடக்கும் என்று சொல்லும் முன்கணிப்பு முறை கறுப்பின மக்களை வெள்ளையரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு குறிவைத்தது. அந்த முன்கணிப்பு மென்பொருளை விற்ற பிரெட்போல் நிறுவனத்தின் முறை ஆய்விதழில் வெளியாகியிருந்ததால்தான் அவர்களால் அதைத் திரும்ப எழுதிப் பரிசோதிக்க முடிந்தது. 2020-இல் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நகரம் இத்தகைய முன்கணிப்புக் காவலுக்குத் தடையே போட்டது. இங்கே எந்தக் கம்ப்யூட்டரும் தொடங்குவதற்கு முன்பே, ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகளாக எழுதிவைக்க 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. பதிவேடு மனிதரை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

மரபணுக் கணக்கிலும் இதே கதைதான். பலருடைய மரபணு கலந்த தடயத்தில் குற்றம்சாட்டப்பட்டவருடையதும் இருக்கிறதா என்று கணிக்க நியூயார்க் நகர ஆய்வகம் எஃப்.எஸ்.டி. என்ற மென்பொருளைச் சொந்தமாக எழுதிப் பல வழக்குகளில் பயன்படுத்தியது. மூலநிரலை யாருக்கும் காட்டவில்லை. 2016-இல் ஒரு நீதிபதி எதிர்த்தரப்புக்குக் காட்டச் சொன்னார். திறந்து பார்த்த நிபுணர், சில சூழல்களில் ஒரு பகுதித் தரவைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் துண்டு உள்ளே இருப்பதைக் கண்டார். 2017-இல் நிரல் முழுவதும் பொதுவெளிக்கு வந்தது. அதே வேலையைச் செய்யும் யூரோஃபார்மிக்ஸ் ஆரில் எழுதப்பட்டது. யாரும் இறக்கிப் படிக்கலாம். 1849-லேயே ரசாயனப் பரிசோதகருக்கென்று ஆய்வகம் கண்ட ஊர் சென்னை. இங்கே நடக்கிற வழக்கில் ஒருவரை உள்ளே தள்ளுகிற எண் எப்படி வந்தது என்று அவருடைய வக்கீல் கேட்டால், ‘அது கம்பெனி ரகசியம்’ என்ற பதில் வரக் கூடாது. கணக்கை எதிர்த்தரப்பும் ஓட்டிப் பார்க்க முடிந்தால்தான் அது சாட்சியம். முடியாவிட்டால் அது வெறும் சொல். வசதியுள்ள தரப்பு மட்டும் வாங்கக்கூடிய மென்பொருளும் எனக்கு ஏற்புடையதல்ல. ஆருக்குக் காசு கிடையாது; இரு தரப்பும் சமமாக உட்காரலாம்.

திறந்து வைத்தால் சண்டை தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. கைதானவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் காம்பாஸ் என்ற அமெரிக்க மென்பொருளை ஆராய்ந்த புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம், 2016-இல் தன் தரவையும் நிரலையும் வெளியிட்டது. மீண்டும் குற்றம் செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம் பேருக்கும், வெள்ளையரில் 23.5 சதவீதம் பேருக்கும் அபாயகரமானவர் என்ற முத்திரை விழுந்திருந்தது. தயாரித்த நிறுவனம் அதே தரவை எடுத்து வேறு அளவுகோலில் மறுப்பு எழுதியது. எது நியாயமான அளவுகோல் என்று உலகமே விவாதித்தது. விவாதிக்க முடிந்ததே பெரிய விஷயம்.

இப்போது மேசையில் இருப்பது பறிப்பு வழக்குகளின் போக்கு பற்றிய வேலை. 2022 ஜனவரியில் ஆவடி தனிக் காவல் ஆணையரகம் ஆனபோது மணலியும் எண்ணூரும் அங்கே போய்விட்டன. ஆகவே சென்னைக் காவல் எல்லைக்கான ஆண்டுவாரி எண்வரிசை அந்த இடத்தில் உடைகிறது. விகிதம் காண வகுக்கும் மக்கள்தொகைக்கு இன்றும் 2011 கணக்கெடுப்பில் சென்னையும் சுற்றுப்புறமும் சேர்ந்த 87 லட்சம்தான். தீபாவளி சமயம் எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வரும் கூட்டத்தை எந்த வகுத்தலும் கணக்கில் எடுப்பதில்லை.

2024 ஜூலை 1-இல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது இன்னும் பெரிய உடைப்பு. பறிப்புக்குத் தனிப்பிரிவு வந்து 304 ஆயிற்று. பழைய தண்டனைச் சட்டத்தில் 304 என்பது கொலையாகாத மரணம், 304ஏ கவனக்குறைவால் மரணம். பழைய 302 கொலை. புதிய 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. சட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பிரிவு எண்ணை மட்டும் படிக்கும் நிரல், செயின் பறித்தவனை ஆளைக் கொன்றவனாக்கிவிடும். ஜூலைக்கு முன் நடந்த சம்பவத்துக்கு ஜூலைக்குப் பின் வழக்குப் போட்டாலும் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், ஒரே மாதத்தில் இரண்டு எண்வரிசையும் கலந்து கிடக்கின்றன. அதனால் என் அட்டவணையில் சட்டம், பிரிவு, சம்பவ நாள் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வரி.

பழைய காலத்துப் பறிப்புகள் 379, 356, 392 என்று பல பிரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் எதையெல்லாம் புதிய 304-ஓடு சேர்ப்பது என்பதில் வக்கீலுக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. “ஒரே கோடா காட்டும்மா, ஜட்ஜுக்குப் புரியணும்” என்கிறார் அவர். ஜூலையில் கோட்டை வெட்டி, இருபுறமும் தனித்தனியாகத்தான் காட்ட முடியும் என்கிறேன் நான். அவர் கேட்ட படத்தையும் நான் சொல்லும் படத்தையும் போட்டு, இரண்டின் நிரலையும் மனுவோடு இணைத்து, அரசுத் தரப்புக்கும் ஒரு நகல் கொடுப்பது என்று இந்த வாரம் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.