மடத்தில் தனித்தியானம்: பிப்ரவரிக் குறிப்புகள்

பிப்ரவரி 9, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) வகுத்த ஒழுங்கின்படி வாழும் கத்தோலிக்கத் துறவிகளின் மடம் இது, விருந்தினர் பகுதியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கட்டில், மேசை, நாற்காலி, சுவரில் பாடுபட்ட சுரூபம், சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம். கிறிஸ்தவர்களிடம் தியானம் என்றதும் பிரசங்கம், பாட்டு, கூட்டம் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: இது தனித்தியானம். யாரும் எனக்குப் பிரசங்கம் வைக்கப் போவதில்லை. துறவிகள் தங்கள் பாட்டுக்கு ஜெபிப்பார்கள், வேலை செய்வார்கள், விருப்பமிருந்தால் கோயிலில் அவர்களோடு உட்காரலாம், மீதி நேரம் முழுக்க என்னுடையது.

அக்கா போனதிலிருந்து சும்மா உட்கார எனக்கு வாய்க்கவே இல்லை. ஆஸ்பத்திரிக் கணக்கு, வங்கி, இறப்புச் சான்றிதழ், அம்மாவைத் தேற்றுவது, அப்புறம் வேலை. நிம்மதியாக அழ ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வந்தேன்.

விருந்தினரைக் கவனிக்கும் ஃபாதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதல்ல தூங்குங்க" என்றார். "பைபிள்ல, சாக வேணும்னு கேட்டுக்கிட்டு மரத்தடியில படுத்த எலியா தீர்க்கதரிசியைக் கடவுள் கண்டிக்கலையே, தூங்கவிட்டு, எழுப்பிச் சாப்பிட வெச்சு, மறுபடியும் தூங்கத்தானே விட்டார்."

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று புனித ஸ்கொலாஸ்திக்கா திருநாள். ஆசீர்வாதப்பரின் சகோதரி. தேதி பார்த்து நான் வரவில்லை, அறை கிடைத்த வாரம் இது, அவ்வளவுதான். ஆனால் திருப்பலியில் அந்தக் கதையைக் கேட்டபோது உடம்பு ஆடிப்போய்விட்டது.

போப்பாண்டவர் பெரிய கிரகோரியார் 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்த கதை. உடன்பிறந்த இருவரும் வருடத்துக்கு ஒருமுறைதான் சந்திப்பார்கள், இத்தாலியில் ஆசீர்வாதப்பரின் மோந்தே கசினோ மடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில். கடைசிச் சந்திப்பில் இருட்டிவிடுகிறது. விடியும்வரை பேசிக்கொண்டிருக்கலாம், போகாதே என்று சகோதரி கெஞ்சுகிறார். மடத்துக்கு வெளியே இரவு தங்கக்கூடாது என்று ஆசீர்வாதப்பர் மறுக்கிறார். சகோதரி மேசைமேல் கைகளைக் கோத்துத் தலை கவிழ்ந்து ஜெபிக்கிறார், நிமிர்ந்தால் இடியும் மழையும், வாசலைத் தாண்ட முடியாத மழை. "என்ன செய்துவிட்டாய்" என்று அவர் பதறுகிறார். உன்னிடம் கேட்டேன், நீ கேட்கவில்லை, கடவுளிடம் கேட்டேன், அவர் கேட்டார் என்கிறார் அந்த அம்மா. இரவு முழுக்கப் பேசுகிறார்கள். மூன்றாம் நாள் அந்தச் சகோதரி இறந்துபோகிறார்.

துறவிகளுக்கு ஒழுங்குமுறை எழுதிய மனிதரைவிட அந்தச் சகோதரிக்குத்தான் அன்று பலம் இருந்தது, ஏனென்றால் அதிகம் நேசித்தவர் அவர் என்று கிரகோரியாரே சொல்லிவிடுகிறார். எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடித்திருக்கிறது. மதியம் முழுக்க அறையில் அழுதேன். எனக்கும் அக்காவோடு இன்னும் ஒரே ஒரு ராத்திரி பேச வேண்டும்.

பிப்ரவரி 11, புதன்

மணி அடித்தால் ஜெபத்துக்குப் போக வேண்டும், முடிந்தால் திரும்ப வேண்டும். ஆசீர்வாதப்பரின் ஒழுங்கில் 73 அதிகாரங்கள், அதில் 43-ஆவது, மணிச் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வா என்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கெடுபிடி மாதிரி தெரியும். மாதக்கணக்கில் எல்லா முடிவையும் நானே எடுத்துக் களைத்துப்போன எனக்கு, அடுத்தது என்ன என்று யோசிக்கவே வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்று எப்படிச் சொல்வேன்!

பைபிளில் உள்ள திருப்பாடல்களை (சங்கீதங்களை) இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். புத்தகத்தில் ஒவ்வொரு அடியின் நடுவிலும் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அங்கே எல்லோரும் நிறுத்துகிறார்கள், ஒரு மூச்சு, பிறகுதான் மறுபாதி. நேற்றுவரை நான் மட்டும் முந்திக்கொண்டு ஓடினேன். இன்று மாலைப் புகழ் ஜெபத்தில் பக்கத்து வரிசையில் இருந்த முதியவரின் மூச்சைக் கவனித்து நின்றேன், அவர் இழுக்கும்போது இழுத்து, விடும்போது பாடி. பத்து நிமிடத்தில் நெஞ்சில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. உடம்பு முதலில் அமைதியாகிறது, மனது பின்னாலேயே வருகிறது.

இரவு மன்றாட்டில் தினமும் அதே மூன்று திருப்பாடல்கள்தான், 4, 91, 134. எல்லோருக்கும் மனப்பாடம், விளக்கை அணைத்துவிட்டுப் பாடுகிறார்கள். கடைசியில் மடாதிபதி தீர்த்தம் தெளிக்கிறார். அப்புறம் காலைவரை யாரும் பேசுவதில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இதை விவரமாக எழுத வேண்டும்.

ஆசீர்வாதப்பர் வகுத்த முறைப்படி வியாழன் காலையில் 88-ஆம் திருப்பாடல் வருகிறது. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஓரிடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. ஏன் என்னைத் தள்ளிவிட்டீர், ஏன் முகத்தை மறைத்துக்கொள்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதை இத்தனை பேர், காலை நேரத்தில், குரலை உயர்த்தாமல், நட்சத்திரக் குறியில் ஒழுங்காக நிறுத்திப் பாடுகிறார்கள். யாரும் சமாதானம் சொல்லவில்லை. அக்கா இறந்த வீட்டில் எத்தனை பேர் சமாதானம் சொன்னார்கள், கடவுள் சித்தம் என்றார்கள், நல்ல இடத்தில் இருக்கிறாள் என்றார்கள். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. இது ஒட்டியது.

அடுத்தது 90. எங்கள் ஆயுள் 70 ஆண்டு, வலு இருந்தால் 80 என்று வருகிறது. அக்காவுக்கு 41. அந்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது, ஆனால் எதிர்வரிசை நிற்கவில்லை, அவர்கள் பாடி முடித்ததும் எங்கள் முறை வந்தது, பக்கத்து முதியவர் தொடங்கினார், நானும் அழுதபடியே சேர்ந்துகொண்டேன். கடவுள்மேல் இருந்த கோபத்தை வெளியே வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குள் வர வேண்டும் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அந்தக் கோபமும் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. தேடி வந்த நிம்மதி எனக்கு இந்த இடத்தில்தான் கிடைத்தது, துக்கம் ஒரு துளியும் குறையாமல்.

பிப்ரவரி 13, வெள்ளி

கிளம்புகிறேன். போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், அறைகள் குறைவு. பல மடங்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்களையும் வரவேற்கிறார்கள், வருகிற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது அவர்கள் ஒழுங்கின் 53-ஆம் அதிகாரம். திருப்பலியில் தரும் நற்கருணை அப்பம் மட்டும் கத்தோலிக்கருக்கே. கட்டாயம் இல்லை என்றாலும் விடியற்கால ஜெபத்துக்கு எழுந்து போங்கள்.

ஃபாதரிடம் விடைபெறும்போது ஸ்கொலாஸ்திக்கா கதையைப் பற்றிச் சொன்னேன். "அக்காவைப் பத்திப் பேச வீட்டில் யார் இருக்கா?" என்று கேட்டார். அம்மா இருக்கிறாள். அழுவாளே என்று பயந்து அம்மா முன்னால் நான் அக்கா பெயரையே எடுப்பதில்லை, அவளும் எடுப்பதில்லை. இன்று ராத்திரி அங்கேதான் தங்கப் போகிறேன் என்று போன் செய்து சொல்லிவிட்டேன்.