கழற்றி வைத்த பில்டர் பெட்டி

ஆடி மாதம் திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால், காலையில் கழுவிய வாகனத்தின் மேல் மத்தியானத்துக்குள் விரலால் பெயர் எழுதலாம். கந்தளாய்ப் பக்கம் கிறவல் ரோட்டில் ஓடிவிட்டு வரும் டபுள் கேப்பின் பொனட்டைத் திறந்தால் உள்ளே எல்லாமே செம்மண் நிறமாக இருக்கும். இந்த ஊரில் பதினேழு வருடமாக டீசல் என்ஜின் வேலை செய்கிறேன். யாராவது எயார் பில்டர் மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது கிண்ணியா நானா ஒருவரின் வாகனம்தான்.

2019இல் வந்தார். ஏஜென்சியில் புதிதாக எடுத்த 3 லீற்றர் டீசல் டபுள் கேப். மணல், கல் வியாபாரம் என்பதால் நாள் முழுக்கக் குவாரிக்கும் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் ஓட்டம். 3 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர் வொரண்டி இருந்தது. மீற்றரில் அப்போது 31,000. கையில் ஒரு பார்சல். உள்ளே அலுமினியக் குழாயோடு, எண்ணெய் பூசிய பருத்தித் துணியில் செய்த கோன் பில்டர். "தம்பி, இத பூட்டினா இழுவை கூடுமாம். பூட்டித் தாங்க" என்றார். பூட்டிக் கொடுத்தேன். அரை மணித்தியால வேலை. வொரண்டி என்னாகும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இன்றும் மனதை உறுத்துகிறது. கொஞ்ச நாளில் வேறொரு இடத்தில், என்ஜின் கொம்பியூட்டரின் புரோகிராமை மாற்றும் டியூனிங்கும் செய்துகொண்டார்.

இழுவை கூடியது என்று அவர் நம்பியதில் ஆச்சரியமில்லை. கம்பனியின் மூடிய பில்டர் பெட்டி போய்த் திறந்த கோன் வந்தால், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் விசில் நன்றாகக் கேட்கும், வண்டி பறப்பது போலத் தோன்றும். ஆனால் டீசல் என்ஜினில் வலுவைத் தீர்மானிப்பது உள்ளே போகும் டீசலின் அளவு. காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். அதனால் பில்டரை மட்டும் மாற்றிப் பெரிய வலு எடுக்க முடியாது. கம்பனிப் பெட்டி மட்கார்ட் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கும். திறந்த கோனோ என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். காற்று 10 பாகை கூடச் சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறைகிறது. கச்சான் காலத்து வெயிலில் இது லாபமா நட்டமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய விசயம், கோன் பில்டரைத் தாண்டி உள்ளே போகும் தூசு. 3 லீற்றர் என்ஜின் ஒன்று 2,000 சுற்றில் ஓடும்போது, டர்போவின் அழுத்தத்தைச் சேர்க்காமலே, நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 லீற்றர் காற்றைக் குடிக்கும். குவாரிக் காற்றில் வருவது கருங்கல் பொடி. அதில் உள்ள சிலிக்கா இரும்பையே தேய்க்கும்.

அடுத்த வருடம், மீற்றர் 58,000 காட்டும்போது நானா திரும்பி வந்தார். மேட்டில் இழுக்கவில்லை, என்ஜின் லைட் எரிகிறது, விசில் சத்தமும் மாறிவிட்டது. பில்டரைத் தாண்டி வரும் குழாயைக் கழற்றி, உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விட்டுச் சுற்றி எடுத்தேன். கோதுமை மா போல மென்மையான பழுப்புப் பொடி துணி முழுக்க. டர்போவின் காற்றுச் சில்லில் இதழ்களின் ஓரம் புதிதில் விரலைக் கீறும். இதிலோ மழுங்கி, வளைந்து கிடந்தது. காற்றை அளக்கும் சென்சரின் மயிரிழைக் கம்பியில் பில்டர் எண்ணெயும் தூசும் சேர்ந்து படலமாக ஒட்டியிருந்தன. என்ஜினை ஓடவிட்டு ஒயில் மூடியைத் திறந்தேன். புகை குப்குப்பென்று வந்தது. பிஸ்டனைச் சுற்றி சிலிண்டரை அடைக்கும் ரிங்கும் தேய்ந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

ஏஜென்சியில் லெப்டொப்பைப் போட்டுப் பார்த்தார்கள். என்ஜின் கொம்பியூட்டரில் இருந்த புரோகிராம் கம்பனியுடையது அல்ல என்று தெரிந்ததும் வொரண்டி இல்லை என்றுவிட்டார்கள். வெளிச்சாமான் பூட்டியதற்காக வொரண்டியை மறுக்க முடியாது என்று நானாவின் மருமகன் எங்கோ படித்திருந்தான். அது அமெரிக்காவில் 1975இல் வந்த மக்னுசன்-மொஸ் சட்டம். அங்கேயும், பூட்டிய சாமானால்தான் பழுது வந்தது என்று காட்ட முடிந்தால் கம்பனி மறுக்கலாம். இங்கே நமக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் அதிகார சபையில் முறையிடலாம். "முறைப்பாடு போடவா தம்பி? இது ஆருட பிழை?" என்று கேட்டார். துணியைக் காட்டினேன். "நானா, பூட்டினது நான். டர்போவுக்கும் ரிங்குக்கும் நாம கேட்க ஏலாது" என்றேன்.

ஆனால் அதே நாளில் ஏசி கொம்பிரசரையும் மறுத்திருந்தார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. பில்டருக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம்? எந்தத் திகதியில் எதைப் பூட்டினேன், எதில் கை வைக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். இரண்டு கிழமை இழுத்து, கடைசியில் கொம்பிரசரை மாற்றிக் கொடுத்தார்கள். டர்போவும் ரிங்கும் நானாவின் காசு. சாமான் வரும்வரை வண்டி எங்கள் கொட்டிலில் கிடந்தது. கூலி நான் வாங்கவில்லை.

டியூனிங் கேட்டு வரும் பெடியள் டொயோட்டா ஹைலக்ஸைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 2015இல் வந்த 2.8 லீற்றர் என்ஜின் 177 குதிரைவலு, 2020இல் அதே என்ஜின் 204. அப்படியென்றால் கம்பனி வலுவை ஒளித்து வைத்திருந்ததுதானே என்பார்கள். கணக்குச் சரி, ஆனால் 2020இல் டொயோட்டா புரோகிராமை மட்டும் மாற்றவில்லை. பெரிய டர்போ போட்டார்கள், டீசல் ஏற்றும் முறையையும் மாற்றினார்கள். பழைய டர்போவோடு கொம்பியூட்டரில் மட்டும் டீசலைக் கூட்டினால், அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியது பழைய பிஸ்டன்தான்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு புது வண்டிகள் மறுபடி வருகின்றன, பார்சலோடும் சிலர் வருகிறார்கள். வொரண்டிப் புத்தகத்தை முதலில் எடுக்கச் சொல்கிறேன். கம்பனிப் பெட்டியின் ரப்பரையும் கிளிப்பையும் அவர்கள் முன்னாலேயே சரிபார்த்து, குவாரி ரோட்டில் ஓடும் வண்டி என்றால் சொன்ன காலத்துக்கு முன்பே கடதாசி பில்டரை மாற்றச் சொல்கிறேன். ஒரு கிளிப் சரியாக மாட்டாமல் விட்டாலும் தூசு அந்த வழியால்தான் போகும். அதற்குப் பிறகும் வேண்டும் என்பவர்களுக்குப் பூட்டிக் கொடுக்கிறேன், அது அவர்களின் வாகனம். திகதி, மீற்றர், சாமான் எல்லாம் பில்லில் எழுதுகிறேன். கழற்றிய பெட்டியை மட்டும் எறிய விடுவதில்லை. வண்டி நம்பரைப் பெயின்ற்றால் எழுதி எங்கள் இறாக்கையின் மேல் தட்டில் வைக்கிறேன். இப்போது அங்கே நாலு பெட்டி இருக்கிறது. போன மாதம் ஒருவர் வந்து தன்னுடையதைத் திருப்பிப் பூட்டிக்கொண்டு போனார்.