வாஷ் வேற ரின்ஸ் வேற: ஓஇடி ஸ்பீக்கிங்ல நான் வழுக்குன இடம்

ஓஇடி, அதான் வெளிநாட்டு வேலைக்குப் போற நர்ஸ், டாக்டர்மாருக்கு வைக்கிற இங்கிலீஷ் பரீட்சை, அத எழுதப்போற நர்ஸ் பிள்ளைகளுக்காக இத டைப் பண்ணுதேன். ஸ்பீக்கிங்ல ரெண்டு ரோல் ப்ளே வரும்லா, ஒவ்வொண்ணுக்கும் என்ன பேசணும்னு எழுதிக் குடுக்குற கார்ட படிச்சுப் பாக்க 3 நிமிசம், பேச 5 நிமிசம். நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில கோச்சிங் போனப்போ மாக் டெஸ்ட்ல வந்த கார்டு, பல்லு பிடுங்கின பேஷண்டுக்கு வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அட்வைஸ் சொல்லணும். நானும் கெத்தா "வாஷ் யுவர் மவுத் வித் சால்ட் வாட்டர்"னு அடிச்சு விட்டேன், மிஸ் குபீர்னு சிரிச்சிட்டாவ.

ஏன்னா இங்கிலீஷ்ல சின்னப் பிள்ளைக கெட்ட வார்த்தை பேசினா "வாஷ் யுவர் மவுத் அவுட்"னு வைவாங்களாம். நம்ம ஊர்லயும் யாராவது அபசகுனமா பேசினா "போய் வாயக் கழுவுலே"ம்போம்லா, கிட்டத்தட்ட அதே கததான். பல்லு போன மனுசன போய் வாயக் கழுவச் சொல்லிருக்கேன்! சொல்ல வேண்டியது ரின்ஸ். அதுவும் முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது, உறைஞ்ச ரத்தம் பேந்து வந்துரும், மறுநாள்ல இருந்துதான் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில பைய கொப்பளிக்கணும். அதையும் சேத்துச் சொல்லணும், நான் அதையும் விட்டுட்டேன்.

டிக்ஷனரி பாத்து எத்தனை தடவ படிச்சாலும் மண்டையில ஏறல. அப்புறம் எங்க ஆச்சி தாமிரபரணி ஆத்துல குறுக்குத்துறையில போர்வை துவைக்கிறது ஞாபகம் வந்துச்சு. சோப்பு போட்டு, கும்மி, கல்லுல நாலு அடி அடிச்சு அழுக்க எடுக்காவல்லா, அது வாஷ். பெறகு ஓடுற தண்ணியில போர்வைய அப்படியே விரிச்சு விட்டு இழுத்து இழுத்து அலசணும், ஒரு முனை ஆச்சி கையில ஒரு முனை என் கையில, "ஏட்டி நுரை நிக்கி பாரு, இன்னொருக்கா அலசு"ன்னு தண்ணி தெளியுற வரைக்கும் விட மாட்டாவ. அந்த அலசுறதுதான் ரின்ஸ். வெறும் தண்ணிதான், அழுக்க எடுத்தது போக மிஞ்சி நிக்கிற சோப்ப போக்குற வேலை.

நமக்கு எங்க இடிக்குதுன்னா, தமிழ்ல கைன்னா கழுவுவோம், துணின்னா துவைப்போம், ஏனம்னா விளக்குவோம், தலைக்கு குளிப்போம், இங்கிலீஷ்காரனுக்கு இது பூராவும் வாஷ்தான். ஹெட் பாத்னு மட்டும் சொல்லிராதீங்க, அது நம்ம நாட்டு இங்கிலீஷ், வெளிநாட்டு பேஷண்ட் முழிப்பான், வாஷ் யுவர் ஹேர்னு சொன்னா போதும். அதே மாதிரி துணி அலசுறது, வாய் கொப்பளிக்கிறது, தலையில ஷாம்பு போக தண்ணி ஊத்துறது எல்லாம் ரின்ஸ்ல அடங்கிரும். அண்ணாந்து தொண்டையில கொளகொளன்னு சத்தம் வர்ற மாதிரி பண்ணுனா மட்டும் கார்கிள், பல் கார்டுல அத உளறிராதீங்க.

கடைசியில நெசமான எக்ஸாம்ல எனக்கு வாஷும் வரல ரின்ஸும் வரல. பி கிரேடு வந்துச்சு, 350க்கு மேல. ஆச்சிகிட்ட இந்தக் கதைய முழுசா சொன்னேன், "இதுக்கா அம்புட்டு ரூவா கட்டிப் படிச்ச, என்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லிருப்பேம்லா"ன்னாவ.