ஏணி மேல் நிற்கும்போது வரும் போன்

ஏப்ரல் 3, 2024, புதன்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஏணி மேல் நின்று ஏசியின் அவுட்டோர் யூனிட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

ஏசி மெக்கானிக்குக் கோடையில் தெரியாத நம்பர் என்றால் வேலை. மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஓடுவதை வைத்துத்தான் எனக்கு மீதி வருஷம். மோட்டாரை நிறுத்தி, இறங்கி, கையைத் துடைத்து எடுத்தால், "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே, வணக்கம். உங்கள் வீட்டுப் பிள்ளை பேசுகிறேன்..."

மறுபடி ஏணி, மறுபடி மோட்டார். நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கும் பதிவு செய்த குரல். இன்று மட்டும் இப்படி ஒன்பது. அதில் இரண்டு பேர் ஒருவரையொருவர் திட்டிக்கொள்பவர்கள். இரண்டு பேருமே என் வீட்டுப் பிள்ளைகளாம்.

ஏப்ரல் 5, வெள்ளி

இன்று ஓட்டுக் கேட்டவர் கடலூர் வேட்பாளர். நான் இருப்பது முத்தியால்பேட்டை. கடலூருக்கு வேலைக்குப் போவேனே தவிர, அங்கே எனக்கு ஓட்டு கிடையாது. போன் கம்பெனிக்காரர்களுக்குப் புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒரே வட்டம்தான். முள்ளோடை எல்லையெல்லாம் சாராயத்துக்குத்தான், போனுக்கு இல்லை.

ஒரு சூட்சுமம் பிடிபட்டது. பதிவு செய்த குரல் என்றால், நாம் "அலோ" சொன்னதும் ஒரு நொடி சத்தமே இருக்காது. அப்புறம்தான் 'வணக்கம்' வரும். மனுஷன் என்றால் உடனே "அண்ணே, ஏசிக்காரரா?" என்பான். இனி அந்த ஒரு நொடியிலேயே கட் செய்துவிட வேண்டியதுதான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மச்சான் சொன்னான் என்று 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொந்தரவு செய்யாதே பட்டியலில் சேர்ந்தேன். பக்கத்து போன் கடைத் தம்பி சிரித்தான். "அண்ணே, அது லோன், பிளாட், இன்சூரன்ஸ் விக்கிறவங்களுக்கு. கட்சிக்காரங்களுக்கு இல்ல." விதி வியாபார அழைப்புகளுக்கு மட்டும்தானாம். ஓட்டுக் கேட்பது வியாபாரத்தில் வராதாம். சரி.

என் நம்பர் இவர்களுக்கு எப்படிப் போனது? அவன் கடை கம்ப்யூட்டரிலேயே வாக்காளர் பட்டியலைத் திறந்து பார்த்தோம். பெயர், அப்பா பெயர், வயசு, வீட்டு எண் எல்லாம் இருக்கிறது. போன் நம்பர் இல்லை. அப்படியென்றால் வேறு எங்கோ கசிந்திருக்கிறது. ஜவுளிக்கடைப் பரிசுக் கூப்பனில் எழுதியதா, ரீசார்ஜ் செய்த இடமா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். 2021 சட்டமன்றத் தேர்தலின்போதும் வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லி இங்கே பலருக்கு எஸ்எம்எஸ் வந்தது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அப்போது நான் அதைப் பேப்பரில் படித்ததோடு சரி.

ஏப்ரல் 9, செவ்வாய்

பன்னிரண்டு. நான் எடுத்தவை மட்டும். பத்தை அந்த ஒரு நொடியிலேயே வெட்டினேன். பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 11, வியாழன்

பெருமையெல்லாம் போனது.

பகலில் தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து தெரிந்த குரல், ஆனால் கோபமாக. டூமாஸ் வீதிப் பக்கம் ஒரு வீட்டில் சமையல் செய்யும் அக்கா. "ரெண்டு நாளா எங்க ஆயா போன் போட்டுட்டே இருக்காங்க, நீ கட் பண்ணிட்டே இருக்கியே!"

போனேன். சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீடு. ஆயாவின் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஆயாவுக்கு எண்பதுக்கு மேல். லேண்ட்லைனை எடுத்துவிட்டுப் புதிதாக செல்போன் வாங்கியிருக்கிறார், அந்த நம்பர் என்னிடம் இல்லை. பேச ஆரம்பிக்கும் முன் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார். அதுதான் எனக்கு அந்த ஒரு நொடி.

உள்ளே ஏசிக்குக் கீழே வாளி. கட்டில் மெத்தை பாதி நனைந்து சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தது. ட்ரெயின் பைப்பில் பாசி அடைப்பு, அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலைக்கு இரண்டு நாள் அந்தம்மா வாளி மாற்றியிருக்கிறார். வெளியே யூனிட்டைத் திறந்தால் காயிலின் தகடுகளை உப்புக்காற்று அரித்து, விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது. கடற்கரை வீடுகளில் இதுதான் கதி.

வேலை செய்துகொண்டிருக்கும்போது ஆயாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். "உங்கள் வீட்டுப் பிள்ளை பேசுகிறேன்..."

"இவன் தினம் பேசுறான் தம்பி. நான்கூட மொதல்ல நீதான்னு நெனச்சேன். தண்ணி ஒழுகுது, சீக்கிரம் வாப்பான்னு சொன்னேன். அவன் பாட்டுக்குப் பேசிட்டே போறான்."

சிரிக்கவா, தலையில் அடித்துக்கொள்ளவா என்று தெரியவில்லை. இதில் இன்னொன்று, ஆயாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை. நம் தேர்தலில் ஓட்டே கிடையாது!

காசு வாங்க மனசு வரவில்லை. ஆயா விடவில்லை. பாதி வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வடை வேகும் நேரத்தில் தெருவுக்குள் பிரசார ஜீப். சத்தம் காதைக் கிழித்தது. ஆனாலும் நான் போய், குழாயில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, இரண்டு தேர்தலாகச் சொல்கிறோம் என்றேன். வேட்பாளர் மாலையும் கழுத்துமாகக் குனிந்து கேட்டார், தலையாட்டினார். ஒன்றும் நடக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

பதினேழு. கடைசி நேர மும்முரம். வெட்டவும் பயம், எடுக்கவும் எரிச்சல். எடுத்து, ஐந்து வரை எண்ணிவிட்டு வெட்டுகிறேன்.

ஏப்ரல் 17, புதன்

சாயங்காலம் ஆறு மணியோடு பிரசாரம் முடிந்தது. வாக்குப்பதிவு முடிய 48 மணி நேரம் இருக்கும்போது எல்லாரும் வாயை மூட வேண்டும் என்பது சட்டம். 5.50க்கு ஒரு பிள்ளை, 5.56க்கு இன்னொரு பிள்ளை. 6.20க்கு அடித்ததும் வைது தீர்க்கலாம் என்றுதான் எடுத்தேன். ரெட்டியார்பாளையம், கேஸ் சார்ஜ் செய்ய வேண்டுமாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

காலையில் வரிசை நீளம். பூத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவள் முதலிலேயே மை வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். திரும்பி வந்தபோது துண்டுச் சீட்டில் மூன்று பெயர் எழுதி வைத்திருந்தாள். மூன்றும் வேலை.

கீழே நாலாவதாக: "டூமாஸ் வீதி ஆயா. திரும்ப ஒழுகுது."

மத்தியானம் போக வேண்டும். அந்த நம்பரைப் பெயர் போட்டு வைத்துவிட்டேன்.